நான் முழுகாமல் இருந்த கதை

கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. எரிந்தால் உள்ளே ஒருத்தி நிற்கிறாள் என்று அர்த்தம். அணைந்தால் அடுத்தவள் போகவேண்டும். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அணையும் ஒவ்வொரு முறையும் வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

டோர்ட்மண்டிலிருந்து பஸ்ஸில் போகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சுகாதாரக் கந்தோர், அதாவது அலுவலகம். எண்பத்துநாலோ எண்பத்தைந்தோ, சரியாக நினைவில்லை. மாரிகாலம் என்பது மட்டும் நிச்சயம். நடை முழுக்க நனைந்த கோட்டுகளின் மணமும் மருந்து மணமும் கலந்து அடித்தது.

அகதியாக விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு சோதனை. என்ன சோதனை என்று வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கிறார்களாம். ஆண்கள் மேல்மாடிக்கு, பெண்கள் கீழே. என் கணவர் சிவம் படியேறும்போது திரும்பிப் பார்த்து, "பயப்படாதை, படம்தானே எடுக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம்தானே! அவருக்கென்ன? என் வயிற்றில் பிள்ளை. அது அவருக்கும் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயையும் பிள்ளையையும் சேர்த்து யோசிக்கிற மூளை அந்த மனுஷனுக்கு அன்று வேலை செய்யவில்லை.

ஊரில் பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக் கதவில், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்ததை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். இந்தக் கதவிலும் ஏதோ எழுதியிருந்தது, ஜெர்மனில். எனக்கு முன்னால் கானா நாட்டுக்காரி ஒருத்தி. அவளுக்கு முன்னால் போலந்துக்காரி ஒருத்தி. அவ்வளவுதான் மிச்சம். அதற்குள் நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

மாமியின் கேள்வி

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்காமல் போனால் இனி நடந்தது ஒன்றும் உங்களுக்கு விளங்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அது புத்தகத்திலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் இருக்கிற சொல். ‘அவள் முழுகாமல் இருக்கிறாள்’ என்றுதான் சொல்வார்கள். மாதவிலக்கு முடிந்ததும் தலைக்குத் தண்ணீர் வார்த்து முழுகுவது வழக்கம். மாதவிலக்கு வராவிட்டால் அந்த முழுக்கும் இல்லை. ஆகவே முழுகாமல் இருக்கிறாள் என்றால் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்று பொருள். தினமும் குளிப்பது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதைக்கூட முதல் மூன்று மாதம் வெளியில் விடக்கூடாது. கண்ணூறு படும். பிள்ளைக்குச் சட்டை தைக்கக்கூடாது. தொட்டில் வாங்கக்கூடாது. அன்னாசியைத் தொடவே கூடாது. போன கிழமை இதே தொடரில் நான் எழுதிய அன்னாசிப்பழ டின்னுக்குக் காரணம் இதுதான். ஹைமில், அதாவது எங்களை வைத்திருந்த அகதி விடுதியில், சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த டின்னை நான் திருப்பித் திருப்பிக் கொடுக்க, பொறுப்பாளர் என்னை நன்றி கெட்டவள் என்று நினைத்தார். நினைத்துவிட்டுப் போகட்டும்!

இன்னொன்றும் சொல்வார்கள். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது, ஆட்டினால் பிள்ளை நிலைக்காது என்று.

இதையெல்லாம் நம்பினீர்களா என்று இப்போதைய பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். நான் அதற்கு முன்பு இரண்டைப் பறிகொடுத்தவள். எதையும் நம்பாமல் இருக்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

கல்யாணமான புதிதில் மாதாமாதம் என் மாமியார் கேட்பார்: "பிள்ளை, முழுகிட்டியே?" நல்ல மனுஷிதான், ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே! "முழுகிட்டன் மாமி" என்று நான் சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். ஒரு மாதம் "இல்லை மாமி" என்றேன். அன்று அவரே எனக்கு முட்டை பொரித்துத் தந்தார். மூன்றாம் மாதம் உதிரம் கண்டது. கிணற்றடியில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது அடுப்படிக் குசினி வாசலில் நின்று கேட்டார். நான் பதில் சொன்னேன்.

இரண்டாம் முறை கொழும்பில், கலவர நேரம். பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம். அத்தனை சனத்துக்கும் ஒரு தண்ணீர்க் குழாய். யாரோ ஒரு பெண் சேலையை மறைப்பாகப் பிடிக்க, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தேன். மாமி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். என் தலையைப் பார்த்தார். கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், "முழுகிட்டன் மாமி."

அந்த இரண்டு சொற்கள்மேல் எனக்கு அன்று தொடக்கம் ஒரு வெறுப்பு.

மலரக்கா காதில் போட்டது

அதன் பிறகு காணியை ஈடுவைத்து, ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி, கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து, அங்கிருந்து அதிகாரிகள் அனுப்பிய ஹைமுக்கு வந்து சேர்ந்தோம். கடவுச்சீட்டுகளை ஏஜென்சிக்காரன் வழியிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டான். வந்து சில மாதத்தில் நாள் தள்ளிப்போனது. சந்தோஷப்படவே பயமாக இருந்தது.

பக்கத்து அறையில் மலரக்கா. சாவகச்சேரிப் பக்கம், எனக்கு முன்பே வந்தவர். அன்னாசி டின்னை நான் திருப்பிக் கொடுத்ததைக் கண்டே விஷயத்தைப் பிடித்துவிட்டார். சாயங்காலம் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, வாயைத் திறவாதை. அகதியளுக்குப் பிள்ளை பிறக்கிறது இவங்களுக்கு விருப்பமில்லையாம். வேறை ஒரு ஹைமில ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவி விட்டவங்களாம்."

கழுவுவது என்றால் எங்கள் பெண்கள் பேச்சில் கருவைக் கலைப்பது. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"ஆரை அக்கா?"

"பேர் தெரியாது. ஆனா நடந்தது உண்மை."

ஹைம் கதைகள் எல்லாமே அப்படித்தான், பேர் இருக்காது, ஊர் இருக்காது, உண்மை மட்டும் இருக்கும். பின்னாளில் நான் கண்ட கண்ட இடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். அப்படி ஒருத்தியை யாரும் கண்டதில்லை. ஆனால் அன்று அந்தக் கதை என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கல்லோடுதான் சிவப்பு விளக்கின்முன் நின்றேன்.

‘நோ ப்ராப்ளம், மேடம்’

எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்தவர் ரகு. பான் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இந்தியப் பிள்ளை. குடும்பம் மதுரை, ஆனால் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் டெல்லி. தமிழர்களுக்கு உதவ வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்திருந்தார். தங்கமான பிள்ளை. அந்தத் தங்கத்தால் நான் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல.

விளக்கு அணைந்தது. போலந்துக்காரி உள்ளே போனாள். இனியும் வெட்கம் பார்த்தால் சரிவராது என்று அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி."

"சொல்லுங்க மேடம்."

"இந்தத் தாதியிட்டை ஒரு விசயம் சொல்லவேணும். நான்... நான் முழுகாமல் இருக்கிறன்."

இதைச் சொல்ல எனக்கு நாக்கு எப்படிக் கூசியது தெரியுமா? என் சொந்தத் தமையனிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லாத சொல். முன்பின் தெரியாத, கல்யாணமாகாத ஒரு இளந்தாரியிடம், நடுநடையில் நின்று சொல்கிறேன்.

ரகு சிரித்தார். "அட, இதுக்கா இவ்ளோ சங்கடப்படறீங்க? நோ ப்ராப்ளம், மேடம். இந்தக் குளிர்ல நானே ரெண்டு நாளா குளிக்கலை."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் என்ன சொல்கிறேன், இவர் என்ன தன்னுடைய குளிப்பைப் பற்றிச் சொல்கிறார்?

"இல்லைத் தம்பி, உங்களுக்கு விளங்கேல்லை. ரெண்டு மாசத்துக்கு மேல நான் முழுகேல்லை. இவருக்கும் தெரியும்."

ரகுவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ரெண்டு மாசமாவா?" என்றார். என் தலையைப் பார்த்தார். மெல்ல ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அன்று காலையும் பச்சைத்தண்ணீரில் குளித்து, சீவி முடித்துவிட்டு வந்தவள் நான்! "சரி மேடம், நான் சொல்லிடறேன்" என்று தாதியிடம் போனார்.

தாதி வயதானவர், பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. ரகு சொல்லச் சொல்ல என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. ஏதோ சொல்லிக்கொண்டே பையிலிருந்து றப்பர் கையுறையை எடுத்தார். ‘வாஷன், வாஷன்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

ரகு வந்தார். "மேடம், ஒரு பிரச்சினையும் இல்லை. முதல்ல கழுவிடணுமாம். அப்புறம்தான் எக்ஸ்ரே."

"என்ன?"

"கழுவிடணும், மேடம். இங்கேயே வசதி இருக்காம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், இவங்களே கழுவி விட்டுடுவாங்க."

ஒருவரைக் குளிப்பாட்டுவது என்ற சொல் அந்த டெல்லித் தமிழில் இருக்கவில்லை. பாத்திரத்துக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லாகப் போட்டுவிட்டார். எனக்கு அது எப்படித் தெரியும்? என் காதில் விழுந்தது மலரக்காவின் கழுவல்தான். வயிற்றில் பிள்ளை இருந்தால் படம் எடுக்க ஏலாது, அதனால் முதலில் பிள்ளையை எடுத்துவிடப் போகிறார்கள். எல்லாம் அப்படியே பொருந்தியது. அந்த இரக்கப் பார்வையும்கூட.

"ஏலாது" என்றேன்.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க, ரெண்டு நிமிஷம்தான். வலிக்காது."

"ஏலாது! நான் கழுவ விடமாட்டன்! செத்தாலும் விடமாட்டன்!"

வெறுங்கை

தாதி என் முழங்கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார், பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல. பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்ளே கூரைவரை வெள்ளை ஓடு. றப்பர் விரித்த உயரமான கட்டில். சுவரில் நீளமான குழாய். நிலத்தின் நடுவே தண்ணீர் ஓடுகிற துவாரம்.

இப்போது எனக்குத் தெரியும், அது குளிக்கிற அறை. அன்று அந்தத் துவாரத்தைப் பார்த்ததும் என் உயிர் போய்விட்டது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேல்மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!"

எங்கள் ஊரில் மனைவி புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான். ரகு பாவம், ஓடிவந்து என் முன்னால் நின்று, "இங்கதான் இருக்கேன் மேடம், சொல்லுங்க" என்றார். அழுவதா, அவரை அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

கானாக்காரி என் முதுகில் கை வைத்துத் தாதியிடம் ஏதோ உரத்துச் சொன்னாள். இன்னொரு தாதி ஓடிவந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக நிலையிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். ரகு இடையில் நின்று தமிழிலும் ஜெர்மனிலும் மாறி மாறிச் சமாதானம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நிலைமை இன்னும் மோசமானது. இனித் தமிழ் பேசிப் பிரயோசனம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கைதான் மிச்சம். கையால் எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியும். எந்த நாட்டுப் பெண்ணுக்கும் அது விளங்கும். ஆனால் அதைச் செய்ய என் கை எழவில்லை. வெறும் தொட்டிலை ஆட்டாதே என்று சொன்னவர்கள், வெறுங்கையை ஆட்டு என்றா சொல்வார்கள்? இரண்டு போய்விட்டது. மூன்றாவதை நானே என் கையால் ஆட்டி அனுப்புவதா?

அடுத்த கணம் நிலையிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு கைகளையும் மடித்து நெஞ்சோடு சேர்த்தேன். ஆட்டினேன். ஒன்றும் இல்லாத கையைக் குனிந்து பார்த்து, "ஓ... ஓ..." என்று ஓராட்டினேன். கண்ணீர் கையில் விழுந்தது. பிறகு வயிற்றைத் தொட்டேன். சிவப்பு விளக்கைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

வயதான தாதி அப்படியே நின்றுவிட்டார். கையுறை போட்ட கை வாய்க்குப் போனது.

"ஷ்வாங்கர்?" என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் பெரிய வயிறு ஒன்றை வரைந்து காட்டி மறுபடி கேட்டார். "ஷ்வாங்கர்?"

"ஓம்! ஓம்! ஓம்!"

அவருக்கு ஓம் என்றால் ஆம் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் எறிந்தார். என்னைக் கதிரையில் உட்காரவைத்துத் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பிறகு ரகுவின் பக்கம் திரும்பி ஜெர்மனில் ஒரு பிடி பிடித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கேட்க இதமாக இருந்தது.

ரகுவின் முகம் வெளுத்துவிட்டது. "மேடம்... நீங்க ப்ரெக்னன்ட்டா?"

"அதைத்தானே தம்பி நான் அப்ப தொடக்கம் சொல்லுறன்!"

"நீங்க குளிக்கலைன்னுல்ல சொன்னீங்க..."

"உங்கட அம்மா என்ன, முழுகிக்கொண்டோ உங்களைப் பெத்தவ?"

அப்போதுதான் என் கணவர் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் படியால் பாய்ந்து வந்தார். "என்னப்பா? என்ன நடந்தது?" நடை முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. படம்தானே எடுக்கிறாங்கள் என்று நான் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. ஹைமுக்குப் போன பிறகு நன்றாகச் சொன்னேன்.

தாய்க்கு ஒரு பாஸ்

எக்ஸ்ரே எடுக்கவில்லை. பதிலாக ஒரு மகப்பேற்று டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் பேரை எழுதி ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியைத் தந்தார். அதற்குப் பேர் முட்டர்பாஸ், தாயின் பாஸ். ஒரு நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாத எனக்கு ஜெர்மனியில் கிடைத்த முதல் பாஸ் அதுதான் என்று சிவம் பகிடி பண்ணினார். எப்போதும் கைப்பையில் கொண்டு திரியச் சொன்னார்கள். நான் கண்ணூறுக்குப் பயந்து சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

டாக்டரின் காத்திருப்பறையில், நீள வாங்கில் ஜெர்மன் பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு இருந்து, எத்தனை மாதம், என்ன பேர், எந்தக் கடையில் தொட்டில் என்றெல்லாம் உரத்துப் பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் பயமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். ரகு விடாமல் மொழிபெயர்க்க வந்தார். நான் எதைச் சொன்னாலும், "மேடம், இது நேர் அர்த்தமா, வேற அர்த்தமா?" என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

வெறுங்கையை ஆட்டியதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை, என் கணவருக்குக்கூட. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் இரத்தம் கண்டுவிடுமோ என்று பயந்து பயந்து பார்ப்பேன். சாப்பாடு இறங்காது. ஏன் இப்படிப் பேயறைந்தமாதிரி இருக்கிறாய் என்று மலரக்கா கேட்டால் குளிர் என்பேன்.

கோடையில் பிள்ளை பிறந்தது. பெண். ஒரே ஒரு தரம்தான் முகத்தைக் காட்டினார்கள். உடம்பு மஞ்சளாக இருக்கிறது, நாளுக்கு முந்தி வந்துவிட்டாள் என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். அறையில் மற்றத் தாய்மார் எல்லோர் கையிலும் பிள்ளை. என் கை மறுபடியும் வெறுங்கை. அது தன்பாட்டில் ஆடிவிடுமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த பெண் ஊட்டிவிட வேண்டுமா என்று சைகையில் கேட்டாள்.

மஞ்சள் இறங்கிப் பிள்ளையைக் கொண்டுவந்து தந்தபோது, கையை வெளியே எடுக்கவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

சவர்க்காரப் பெட்டி

பிள்ளை பெற்ற வீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, எங்களில் முப்பத்தோராம் நாள்தான் கழியும். அன்றுதான் தாய் தலை முழுகுவாள். மலரக்கா ஹைம் குசினியின் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, மஞ்சளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். குளிக்கிற அறையில் ஒரு முக்காலியில் என்னை இருத்தினார். அங்கேயும் வெள்ளை ஓடு, நிலத்தில் துவாரம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுடுதண்ணீர் உச்சியிலிருந்து இறங்கியது. மலரக்கா தேய்த்த தேய்ப்பில் கழுத்து முறியாதது அதிசயம்.

எங்கள் சின்ன அறையில் பச்சரிசிப் புக்கை பொங்கி வைத்திருந்தோம். ரகு பானிலிருந்து வந்திருந்தார், கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. பிரித்தால் உள்ளே வாசனைச் சவர்க்காரம், சோப்புக் கட்டிகள் அடுக்கடுக்காக. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அம்மாகிட்ட ஃபோன்ல இந்தக் கதையைச் சொன்னேன், மேடம்... அக்கா. செம திட்டு. ‘அட மடையா, நம்ம ஊர்லயும் அப்படித்தாண்டா சொல்லுவோம். உன்னை வயித்துல வச்சிருந்தப்ப நானும் முழுகாமதான் இருந்தேன்’னாங்க."

பிறகு, பிள்ளையைப் பார்த்தபடி, பரீட்சை எழுதப்போகிறவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, சரியாக் கேக்கறேனான்னு பாருங்க. முழுகிட்டீங்களா?"

மலரக்காவின் கை புக்கைக் கரண்டியோடு நின்றது. என் கணவர் நிலத்தைப் பார்த்தார். கிணற்றடியும் முகாமும் அவருக்குத் தெரியும். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ரகு நடுங்கிப்போனார்.

என் ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மடியில் கிடந்த மகளின் நெற்றியில் விழுந்தது. அவள் முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, அந்த ஹைமுக்கே கேட்கும்படி வீரிட்டாள்.

"முழுகிட்டன், தம்பி" என்றேன்.